ஹஜ்ரத்தின் முகத்தை அழித்தவர்கள்

இன்றைக்கு வகுப்பில் என் காதருகே குனிந்து, "உங்க அப்பா நெஜமாவே அதை வரைஞ்சாராடி?" என்று கேட்டாய். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சில் யாரோ, "அவளே வாயைத் திறக்கல, அப்ப உண்மைதான்" என்றது உனக்கும் கேட்டிருக்கும்.

வரையவில்லை. ஆனால் வரைந்தேன் என்று இன்று சாயங்காலம் அத்தாவே வீடியோவில் சொல்லிவிட்டார். அந்த வீடியோவை எடுத்தது நான்தான். தூக்கம் வரவில்லை, தெருவில் வண்டி நின்றாலே எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அத்தா வாரப் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் போடுகிறவர் என்று உனக்குத் தெரியும். தொழுதுவிட்டு வந்து அதே கையால் மந்திரிக்குக் கழுதைக் காது வைப்பார். எங்கள் ஆட்களையும் விடமாட்டார். "மத்தவங்களைக் கிண்டல் பண்ணா கை தட்டுறோம், நம்மாளுன்னா மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கறதா?" என்பார்.

இந்த முறை மாட்டியவர் ஹஜ்ரத். எளிமையாக வாழச் சொல்லி ஊர் ஊராகப் பயான், அதாவது மதப் பிரசங்கம் செய்வாரே, எல்லோர் போனிலும் ஓடுமே, அவர்தான். எங்கள் தெருவுக்கு வந்தபோது அவருடைய கார் திரும்ப இடமில்லாமல் இரண்டு வீட்டுப் படிக்கட்டை இடித்தது. அதை வைத்துத்தான் அத்தா வரைந்தார். மேடையில் ஹஜ்ரத் மைக்கைப் பிடித்து "ஆடம்பரத்தை விடுங்கள்" என்கிறார். அவருடைய நீள அங்கி மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தைத் தாண்டிப் போய், ஒரு பெரிய காரின் கதவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. உப்பிய கன்னம், முன்பல் இடுக்கு, புருவத்துக்கு மேலே மச்சம், எல்லாம் அச்சு அசல் அவர். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

படம் போய்ச் சேர்ந்த பிறகுதான் எடிட்டருக்குப் பயம் வந்திருக்கிறது. ஹஜ்ரத்துக்குப் பெரிய பெரிய வக்கீல்களைத் தெரியும். "மூஞ்சி இல்லேன்னா கேஸ் இல்ல" என்று பக்கங்களை லேஅவுட் செய்கிற அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அந்த அண்ணன் கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் வெள்ளையாக அழித்து அச்சுக்கு அனுப்பிவிட்டார். அத்தாவிடம் ஒரு போன் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

உனக்கு இது தெரிந்திருக்காது. எங்கள் நபியை யாரும் வரையக் கூடாது. எங்கோ, எந்தக் காலத்திலோ வரைந்தவர்கள்கூட முகத்தை எழுதாமல் வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். அதனால் தலைப்பாகையும் அங்கியும் போட்ட ஒருவருக்கு முகம் இருக்கிற இடத்தில் வெள்ளையாக இருந்தால் எங்கள் கண்ணுக்கு அது வேறு யாராகவும் தெரியாது. அழித்த இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. ஹஜ்ரத்துக்குப் பயந்து ஹஜ்ரத்தை எடுத்துவிட்டு, நினைத்தும் பார்க்கக் கூடாத ஒன்றை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். கீழே அத்தாவின் கையெழுத்து.

பத்திரிகையைப் பிரித்த அத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் படத்தின் மேல்பாதியை மட்டும் வெட்டி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். அதில் காரும் இல்லை, கதவும் இல்லை.

கீழ்வீட்டு டெய்லர் மாமா மாடிக்கு ஏறி வந்தார். கத்தியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அவர் அழுதார்.

"ஏன் பாய் இப்படிப் பண்ணீங்க? பெத்த தாய்க்கும் மேல வெச்சிருக்கோமே அவங்கள."

"நான் வரையல மாமு. அல்லா மேல ஆணையா நான் வரையல."

அத்தா பீரோவிலிருந்து மூலப் படத்தை எடுத்துக் காட்டினார். டெய்லர் மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இது நம்ம ஹஜ்ரத்தாச்சே" என்றார். கிளம்பும்போது, "இருந்தாலும் மார்க்கம் படிச்ச ஒரு ஆலிமை இப்படி வரையலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். ஆனாலும் மறுநாள் யாரோ எங்கள் ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்துப் போட்டபோது, யாரும் கேட்காமல் அதைத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அத்தா எடிட்டரைக் கூப்பிட்டார். நாங்களும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், மூஞ்சியை அழிச்சது நாங்கதான்னு ஒரே ஒரு வரி போடுங்க. போதும்."

"எப்படிப் போடுறது? யாரோட மூஞ்சின்னு கேப்பாங்க. ஹஜ்ரத்னு சொன்னா மறுநாளே நோட்டீஸ் வரும். ஏன் அழிச்சீங்கன்னு கேப்பாங்க. பயந்துட்டோம்னு எழுதச் சொல்றீங்களா?"

"அப்ப நான் என்ன பண்றது?"

"நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க. கருத்துச் சுதந்திரம்னு தலையங்கமே எழுதிட்டேன். உங்க பின்னாடி மலை மாதிரி நிக்கிறோம்."

அம்மா போனைப் பிடுங்கினாள். "பின்னாடி எதுக்கு நிக்கிறீங்க? கல்லு முன்னாடியிருந்துல்ல வருது."

அத்தா போனை வாங்கிக்கொண்டு, "வரைஞ்சதுக்கு அடி விழுந்தா வாங்கிக்கறேன் சார். வரையாததுக்கு எனக்கெதுக்கு சுதந்திரம்?" என்றார். அந்தப் பக்கம் ஏதோ மீட்டிங் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அம்மா சொன்னபடியே ராத்திரி கல் வந்தது. ஜன்னல் கண்ணாடி தம்பியின் தலையணை முழுக்கச் சிதறியது. நல்லவேளை, அவன் எழுந்து பாத்ரூம் போயிருந்தான். நேற்று யாரோ நம் பள்ளியின் பெயரைப் போட்டு, 'மகள் இங்கேதான் படிக்கிறாள்' என்று எழுதியிருந்தார்கள்.

இன்று நான் வீடு திரும்பியபோது ஹஜ்ரத்தின் செயலாளர் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். தம்பியை மடியில் உட்காரவைத்துக்கொண்டே பேசினார்.

"ஹஜ்ரத் முழுப் படத்தையும் பார்த்தாங்க பாய். காரையும் பார்த்தாங்க. அது யாருன்னு அவங்களுக்குத் தெரியும்."

அத்தா முகத்தில் உயிர் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ். அப்ப ஹஜ்ரத்தே ஒரு வார்த்தை சொல்லிட்டா ஜனங்க அடங்கிருவாங்களே."

"எப்படிச் சொல்றது? சொன்னா அப்புறம் எல்லாரும் காரைப் பத்தியில்ல பேசுவாங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியாம நபியை வரைஞ்சுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு நீங்க ஒரு வீடியோ போடுங்க. ஹஜ்ரத் மன்னிச்சாச்சுன்னு அறிவிப்பாங்க. புள்ளை நிம்மதியா ஸ்கூலுக்குப் போகும்."

"நான் வரையலையே."

"ஹஜ்ரத்தை வரைஞ்சீங்கல்ல? அதுக்கு மன்னிப்புக் கேக்கறதா மனசுல நெனச்சுக்கங்க. வார்த்தை மட்டும் நாங்க சொல்றதா இருக்கட்டும்."

அத்தா என்னைப் பார்த்தார். நான் இன்னும் யூனிஃபார்மில்தான் இருந்தேன். "சரி" என்றார்.

மூலப் படத்தையும் கொடுத்துவிடச் சொன்னார் அந்த மனிதர். அதை எடுத்து வர அம்மா உள்ளே போனாள், நானும் கூடவே போனேன். பீரோக் கதவு மறைவில் என் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டேன். அம்மா பார்த்தாள்.

அவர் போன பிறகு வீடியோ எடுத்தோம். முதல் தடவை எடுத்து அனுப்பியதும், 'முகம் தெளிவாகத் தெரியவில்லை, விளக்கைப் போட்டு எடுக்கவும்' என்று பதில் வந்தது. அம்மா மூக்கால் சிரித்தாள். "ஒருத்தர் மூஞ்சி தெரியவே கூடாது. இன்னொருத்தர் மூஞ்சி நல்லாத் தெரியணுமாம்." ட்யூப்லைட்டுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டோம். இரண்டாம் தடவை அத்தா திக்கவே இல்லை. நபியைத்தான் வரைந்தேன் என்று அவ்வளவு இயல்பாகச் சொன்னார். ஒரு நொடி நானே நம்பிவிட்டேன்.

ஹஜ்ரத் உடனே மன்னித்துவிட்டார். அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டி வருகிற வார்த்தைகளுக்கு அளவே இல்லை. 'எங்கள் ஓவியர் மிரட்டலுக்குப் பணிந்தது வேதனை, நாங்கள் ஒருபோதும் பணிய மாட்டோம்' என்று எடிட்டரும் எழுதிவிட்டார். அதற்கும் கை தட்டுகிறார்கள். இதுவரை சந்தேகத்தில் இருந்தவர்கள் இப்போது 'தானே ஒத்துக்கிட்டான், இவனை விடலாமா?' என்று எழுதுகிறார்கள். மன்னிப்பு ஹஜ்ரத் கொடுத்தது, அவர்கள் கொடுத்தது இல்லையாம்.

டெய்லர் மாமா மறுபடியும் மேலே வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அன்னைக்கு வேற படத்தைக் காட்டி, அல்லா மேல ஆணையா வரையலன்னு சொன்னீங்களே பாய்."

அத்தா தலையைத் தூக்கவே இல்லை.

"வரைஞ்சதைக்கூட அல்லா மன்னிப்பான். பொய்ச் சத்தியம் பண்ணீங்களே" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அத்தா என்னிடம் வந்தார்.

"நீ போட்டோ எடுத்தியாமே. அம்மா சொன்னா."

"ஆமா அத்தா. போட்டுரவா? எல்லாருக்கும் தெரியட்டும்."

"போட்டா, இன்னைக்குப் பேசினது பொய்யின்னு ஆகும். பொய் சொல்றவன் இதையும் இப்பத்தான் வரைஞ்சிருப்பான்னு சொல்லுவாங்க. ஹஜ்ரத்து ஆளுங்களும் சும்மா விட மாட்டாங்க. அழிச்சிரும்மா."

"அப்புறம் உங்களைத்தான காலம் பூரா சொல்லுவாங்க?"

"அல்லாவுக்குத் தெரியும்."

"அவனுக்குத் தெரியும்" என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து. "ஊருக்கு யாரு சொல்றது?"

அத்தா கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அழித்தார். அழித்த படங்கள் போய்க் கிடக்கிற இடம் ஒன்று போனில் இருப்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அங்கிருந்தும் எப்படி எடுப்பது என்று கேட்டார். நானே காட்டிக்கொடுத்தேன்.

"வேற எங்கயும் இல்லையே?"

"இல்ல அத்தா."

அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். செயலாளர் படியிறங்கிய உடனே அந்தப் படத்தை உனக்கு அனுப்பியிருந்தேன். நீ இன்னும் திறந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. பார். யாருக்கும் அனுப்பாதே, உங்கள் வீட்டில்கூடக் காட்டாதே. ஆனால் அழித்துவிடாதே.