நாறுது கட்டை

இரண்டாவது குடம் தண்ணீர் விழுந்ததும் குபீரென்று கிளம்பியது மலநாற்றம். முற்றத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்த சண்முகவேலின் உடலைக் குளிப்பாட்டிய பெண்கள், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

"செத்தும் விடலயே மாமா!" மருமகள் கோகிலாம்பாள் முகத்தைச் சுளித்தாள். "இருந்தப்பவும் இப்படித்தான். பெஞ்சத் தொடைக்கத் தொடைக்க நாத்தம். அதான் ராத்திரிக் கஞ்சியவே நிறுத்துனேன்."

சித்தப்பா ஐயாத்துரை அதட்டினார். "ஏலே காசி, பொணம் தாங்காது. தூக்கிருவோம்."

"தங்கச்சி தங்கம்மா மொகம் பாக்க வேணாமா சித்தப்பா? நரிக்குடி பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கா" என்றாள் மூத்த மகள் சௌந்தரம்.

"ஊரே மூக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கி. அவளுக்காக வச்சிருக்க முடியுமாக்கா?" என்றான் தம்பி காசிராஜன், கோகிலாம்பாளின் புருஷன்.

சௌந்தரம் குனிந்தாள். அப்பாவின் நெற்றியை முகர்ந்தாள். மார்பை, இடுப்பு வேட்டியை முகர்ந்தாள். சீயக்காய் வாசம்தான். நாற்றம் அதற்கும் கீழே இருந்தது.

கல்யாணம் ஆகும்வரை அப்பாவின் மரக்கடையில் லோடு லோடாகக் கட்டைகளை வகை பிரித்தவள் அவள். பெஞ்சுக்கு மேலே தேக்கு நிறத்தில் பளபளவென்று வார்னிஷ். அடியில் கை விட்டாள். ஓரத்தில் சீவாமல் விட்ட பட்டை, சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெளிறிய மஞ்சள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். அதே நாற்றம்.

பீநாறி மரம்! மலையிலிருந்து வருவது. காய்ந்தால் சாதுவாகக் கிடக்கும். ஈரம் பட்டதோ, கக்கூஸைத் திறந்துவிட்ட மாதிரிதான். அப்பா கடையைப் பார்த்த காலத்தில் அதை ஏற்றி வரும் லாரியை வாசலிலேயே திருப்பி விரட்டுவார். இப்போது கடை காசியின் கையில்.

"தேக்குன்னு சொல்லித்தானலே அப்பாவுக்கு இந்தப் பெஞ்சப் போட்ட?"

காசிராஜன் நாலு பக்கமும் பார்த்தான். "மெதுவாப் பேசுக்கா. ஏவாரம் கெட்டுப்போகும். பெஞ்சுக்கு யாரு தண்ணி ஊத்தப் போறான்னு..."

போன மாதம் பார்க்க வந்தபோது அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முனகினார்: "கட்டைதாம்மா நாறுது."

சாகக் கிடக்கிற கிழவர் தன் உடம்பைத்தான் கட்டை என்கிறார் என்று அவளும் நினைத்தாள். "அவுகளே ஒத்துக்கிட்டாகல்ல" என்று அன்றைக்குச் சிரித்தாள் கோகிலாம்பாள்.

"அப்பாவத் தரையில எறக்குங்க" என்றாள் சௌந்தரம், தெரு முழுக்கக் கேட்கும்படி. "நாறுறது அவுக இல்ல. இவன் போட்ட பெஞ்சு."

ஐயாத்துரைதான் முதலில் தலைமாட்டைப் பிடித்தார். பெஞ்சை முற்றத்துக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பாயில் கிடத்தி மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். ஒருத்தி கையும் மூக்குக்குப் போகவில்லை. தங்கம்மாள் வந்து, அப்பாவின் கன்னத்தில் கன்னம் வைத்து அழுது தீரும்வரை காத்திருந்துதான் தூக்கினார்கள்.

சாயங்காலம் கோகிலாம்பாள் ஒரு செம்பில் கஞ்சி கொண்டுவந்தாள்.

"வெறும் வயித்தோட இருக்காதீக மதினி."

சௌந்தரம் வாங்கினாள். முற்றத்தில் இன்னும் ஈரம் காயாமல் கிடந்த பெஞ்சின்மேல் அதை வைத்துவிட்டு, உள்ளே போனாள்.

கஞ்சி ஆறி, ஏடு படிந்தது.