மிளகாய் அரிந்த கை

மிளகாய் அரிந்த கையால் கண்ணைத் தொடாதே என்று பிள்ளைகளை அதட்டாத அம்மா மெக்சிகோவில் கிடையாது. காசில்தா உர்ருதியாவையும் அவள் அம்மா அப்படிச் சொல்லித்தான் வளர்த்தாள். ஆனால் குதிரையைத் தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. உலகமெல்லாம் போய்க் குதிரையோடு தடை தாண்டிவிட்டு வருகிற நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு அதையுமா ஒருவர் சொல்லித்தர வேண்டும்?

பல நாட்டு அணிகள் மோதும் குதிரைத் தாண்டல் போட்டி அந்த வருடம் அவள் சொந்த ஊரான கெரேத்தரோவில் நடந்தது. உள்ளூரில் போட்டி என்றால் முந்தின நாள் அணிக்கே அவள் வீட்டில்தான் சாப்பாடு. அவள் கையால் சமைத்தால்தான் ராசி என்று ஒரு பிடிவாதம். சனிக்கிழமை மதியம் மன்சானோ மிளகாயை விதை எடுத்து, வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மிளகாய் பார்க்கக் குட்டி ஆப்பிள் போல லட்சணமாக இருக்கும். கடித்தால் காது வழியாகப் புகை வரும். நாற்பதாவது மிளகாயில் இருந்தபோது பின்வாசலில் தோன் நபோர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

நபோர் பதினோரு வருடமாக அவளுடைய லாயத்தில் குதிரை பார்ப்பவர். 'தோன்' என்பது மரியாதைக்கு. கலாந்திரியா என்ற சாம்பல் நிறப் பெண்குதிரை, பக்கத்தில் வந்தவரையெல்லாம் கடித்துக்கொண்டு நாலு வயதில் அங்கே வந்தது. அதைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நோய் பார்த்து மனுஷியாக்கியது அவர்தான். 'பிள்ளை' என்றுதான் அதைச் சொல்வார். காசில்தா ஏறி ஓட்டுவாள், அவ்வளவுதான். குதிரையின் சொந்தக்காரர் மோந்தெர்ரேயில் இரும்பு வியாபாரம் செய்யும் எவாரிஸ்தோ.

"காசில்தாம்மா, என் தங்கச்சி பேரனுக்கு இன்னிக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன்."

"அதுக்கு ஏன் களவாண்டவர் மாதிரி நிக்கிறீங்க? போயிட்டு வாங்க."

"பிள்ளை காலுக்குத் தைலம் தேச்சுக் கட்டு போடணுமே."

"நான் போடுறேன்."

"நீங்களா? போன தடவை நீங்க போட்ட கட்டு, அவுந்த பைஜாமாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற கிழவனாட்டம் ஆக்கிடுச்சு பிள்ளைய."

"வாய் ரொம்பத்தான் நீளுது. கிளம்புங்க, பாதிரியார் காத்துக்கிட்டிருப்பார்."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். உப்பும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்து இன்னொரு தடவை கழுவினாள். முகர்ந்து பார்த்தாள், எலுமிச்சை வாசனைதான் வந்தது. லாயத்துக்குப் போய் உள்ளங்கையில் தைலம் ஊற்றி நான்கு கால்களையும் மேலிருந்து கீழாக நிதானமாக நீவிவிட்டுக் கட்டுப் போட்டாள். கலாந்திரியா ஒரு தடவை காலை உதறியது. "என்னடி திமிரு?" என்று செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். தான் போட்ட கட்டை நபோர் நாளைக்குப் பார்த்து என்ன நையாண்டி செய்யப்போகிறாரோ என்றுதான் அவளுக்கு யோசனை.

ஞாயிற்றுக்கிழமை குதிரை பறந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் மேலே ஒரு சாண் இடம் விட்டுத் தாண்டியது. இரண்டு சுற்றிலும் ஒரு கட்டைகூட விழவில்லை. அணிக்கு முதலிடம். காசில்தா அழுதுகொண்டே குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் கையுறை போட்ட ஒரு அதிகாரி வந்து குனிந்து, குதிரையின் முன்னங்காலை விரலால் லேசாக அழுத்தினார். கலாந்திரியா துடித்துக் காலைத் தூக்கிக்கொண்டது. அவர் ஒரு துணியால் காலைத் துடைத்து, துணியை உறையில் போட்டு முத்திரை வைத்தார்.

மிளகாய்ச் சாரத்தைக் குதிரையின் காலில் பூசுகிற பாவிகள் இந்த விளையாட்டில் உண்டு. தோல் எரியும்போது கட்டையில் கால் பட்டால் உயிர் போகும், அதனால் குதிரை பயந்து உயரத் தாண்டும். அதைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை. பத்தாவது நாள் முடிவு வந்தது. மிளகாய்தான். தன் குதிரை ஏன் அப்படிப் பறந்தது என்று காசில்தாவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சமையலறையில் மிச்சமிருந்த மிளகாயையெல்லாம் அள்ளிக் குப்பையில் கொட்டினாள்.

வெற்றி பறிபோயிற்று. விசாரணைக்கு அவளையும் நபோரையும் தலைநகருக்குக் கூப்பிட்டார்கள். ஓட்டியவளே தடவினாள் என்றால் அவளுக்கு இரண்டு வருடத் தடை. வேலையாளின் கைப்பிசகு என்றால் தடை அவனுக்கு. அமெரிக்கக் கண்டத்து நாடுகளெல்லாம் மோதும் பான் அமெரிக்கப் போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. இரண்டு தடவை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போன போட்டி அது. இந்த வயதில் அவளுக்கும், பதினைந்தை எட்டும் குதிரைக்கும் இன்னொரு தடவை கிடையாது.

"உள்ள போனதும் நான்தான்னு சொல்லிடறேன்" என்றாள் நடைவழியில்.

உள்ளே, கேள்வியை முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் நபோர் எழுந்துவிட்டார்.

"நான்தாங்க கட்டினேன். மத்தியானம் டாக்கோவுக்குப் பச்சையா மிளகாயைப் பிச்சுப் போட்டுத் தின்னேன். கை கழுவினியான்னு கேக்காதீங்க. முப்பது வருஷமா என் பொண்டாட்டி அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கா."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மூன்றாமவர் காசில்தாவைப் பார்த்து, "அப்படித்தானா?" என்றார்.

இல்லை என்று ஒரு சொல் போதும். அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

அந்த ஒரு தலையாட்டலை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்து வெந்திருக்கிறாள். யாரும் மிரட்டவில்லை, யாரும் கெஞ்சவில்லை. அவளாகத்தான் ஆட்டினாள்.

போட்டிக் குதிரை நிற்கும் எந்த லாயத்துக்குள்ளும் இரண்டு வருடம் நபோர் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

"ஏன் தோன் நபோர்?"

"விடுங்கம்மா. ரெண்டு வருஷம் கண்ண மூடித் தொறந்தா ஓடிடும். பிள்ளைய மட்டும் பத்திரமாப் பாத்துக்குங்க."

தனக்காகத்தான் இந்த மனிதர் இப்படிச் செய்தார் என்று எண்ணியபோது, வெட்கத்துக்கு நடுவே அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. போட்டி முடியட்டும், திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அங்கே வெண்கலம் கிடைத்தது. புதிய ஆள் வைத்த தீனியில் பாதியைத் தொடாமலே கலாந்திரியா அவளுக்காகத் தாண்டியது. பதக்கம் கழுத்தில் ஏறிய சாயங்காலம் எவாரிஸ்தோ ஓடிவந்து கட்டிக்கொண்டார். "ஒரு பெல்ஜியக்காரன் குதிரைய வாங்கிட்டான், காசில்தா! குட்டி போட வெச்சுக்கிறானாம். பதக்கம் வாங்கின குதிரைன்னதும் நான் கேட்டதைக் குடுத்துட்டான். இங்கேருந்தே விமானத்துல ஏத்திடறாங்க." குதிரை அவளுடையதல்ல. வேண்டாம் என்று சொல்ல அவள் யார்?

ஊர் திரும்பிய மறுநாளே நபோரைத் தேடிப் போனாள். தீவனக் கடையில் புல்கட்டுச் சுமந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அவள் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"நாளைக்கு இதைக் குடுக்கப்போறேன். கட்டினது நான்தான்னு எழுதியிருக்கேன். தடை எனக்கு வரட்டும். உங்க பேரு சுத்தமாகட்டும்."

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். சிரிப்புப் போய் முகம் சிவந்தது.

"புத்தி கெட்டுப்போச்சாம்மா உங்களுக்கு? உங்களுக்குத் தடைன்னா எவாரிஸ்தோ பிள்ளைய ஒரு நாள் வெச்சிருப்பாரா? மறுநாளே வித்துத் தள்ளிடுவார். அதுக்குத்தானே நான் பொய் சொன்னேன்! உங்களுக்காகன்னா நினைச்சீங்க?" கடிதத்தை மடித்து அவள் கையிலேயே திணித்தார். "ரெண்டு வருஷம் கழிச்சு வந்து நான் பாத்துக்கறேன். அது கிடக்கட்டும், பிள்ளை எப்ப வந்து சேருது? வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கறேன், அதுக்குத் தடை இல்லையே."

காசில்தா சொன்னாள். பெல்ஜியம் என்ற சொல்லை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

நபோர் தொப்பியைக் கழற்றினார், திரும்ப வைத்துக்கொண்டார். வெகுநேரம் புல்கட்டுக் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

"கடிவாளம் மாட்டும்போது இடது காதைத் தொடக் கூடாது" என்றார் கடைசியில். "தொட்டா பயப்படும். வலது பக்கமா வரணும். அதைச் சொல்லி அனுப்பினீங்களா?"

பத்து வருடம் அதன் முதுகில் இருந்தவளுக்கு அது தெரியவே தெரியாது.