எதிரெதிர் ஷிப்ட்

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் இடுக்கிக்காரி என்பார்கள். வண்டிகளின் முன்விளக்குக் கண்ணாடி செய்யும் இயந்திரத்தில் அவளுக்கும் கணவனுக்கும் வேலை. உருகிய கண்ணாடியை வெட்டி அச்சில் விடுவது அவர். அழுத்தி முடிந்ததும் சூட்டோடு இடுக்கியால் தூக்கி, விரிசல் விடாமல் மெல்ல ஆறவைக்கும் அடுப்புக்குள் தள்ளுவது அவள். காதைப் பிளக்கும் இரைச்சலில் கத்திக் கத்தியே குடும்பம் நடத்தினார்கள். மகளுக்கு மாப்பிள்ளை முடிவானதுகூட அங்கேதான். பக்கத்து இயந்திரத்துக்காரர்களும் கேட்காமலே யோசனை சொல்வார்கள்.

பிறகு இயந்திரக் கை வந்தது. வெட்டுவதும் தூக்குவதும் அதுவே. கண்காணிக்க ஷிப்டுக்கு ஓர் ஆள் போதும் என்றார்கள். அவருக்குக் காலை, அவளுக்கு மாலை. "கொடுத்து வச்சவங்க" என்றார்கள் வேலை போனவர்கள்.

அவள் வீடு திரும்பும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். கண் விழித்தால் பக்கத்து இடம் சில்லிட்டுக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை. அத்தனை அமைதியில் அவர்கள் பேசிப் பழகியதே இல்லை.

ஒரு சாயங்காலம் அச்சில் கண்ணாடி ஒட்டிக்கொண்டு இயந்திரக் கை பாதியில் நின்றது. ஒருவர் அச்சைத் தூக்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் பெயர்க்க முடியும். மேற்பார்வையாளர் லீவு. அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் வர்றீங்களா? அச்சு மாட்டிக்கிச்சு."

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அவர் தூக்கிப் பிடிக்க, அவள் இடுக்கியை நுழைத்தாள்.

"மெதுவா! கையச் சுட்டுக்காத!"

"எனக்கே சொல்லித் தர்றீங்களா? மொதல்ல பொத்தானப் பாருங்க!"

"பொண்டாட்டி கூப்பிட்டா பொத்தானா முக்கியம்?"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கண்ணாடி பெயர்ந்து வந்தது. இயந்திரக் கை மறுபடி ஓடத் தொடங்கியது.

"சரி, வரட்டா?"

கொஞ்ச நேரம் இருங்களேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது. "சாப்பிட்டுட்டுப் படுங்க" என்றாள்.

அந்த வாரமே மேற்பார்வையாளர் அச்சைத் தாங்க ஒரு கொக்கி பொருத்தினார். "இனிமே நீங்க ஒருத்தரே பாத்துக்கலாம்மா. வீட்டுக்காரரத் தொந்தரவு பண்ண வேணாம்."

ஞாயிறன்று கணவனிடம் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு. உனக்கும் சிரமம் இல்ல" என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"ஆமா" என்றாள். அவர் பக்கத்தைப் புரட்டும்வரை நின்று பார்த்துவிட்டு, பாத்திரம் துலக்கப் போனாள்.