தணலில் உறைந்த ஐஸ்

ஐஸ் பெட்டிக்குத் தீ வைக்க வேண்டும் என்று நூருல்லா பாய் சொன்னபோது, வெயிலில் மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். நினைத்ததை அப்படியே சொல்லியும்விட்டேன். என் மனசுக்கும் வாய்க்கும் நடுவில் கதவு கிடையாது. அதனால் பட்டது கொஞ்சநஞ்சமல்ல.

அறுபத்தொன்றாம் வருஷம். போர்ட் பிளேரில் அம்மைப்பால் குத்துகிற நர்ஸாக இருந்தேன். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் விட்டுப்போன பழைய லாரி ஒன்றின் முதுகில் பலகையால் அறை கட்டி, அதில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு மருந்து அலமாரி எல்லாம் வைத்து எனக்கென்று கொடுத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய் அதிலேயே தங்கி வேலை பார்க்க வேண்டும். டிரைவர் நூருல்லா பாய், கீழக்கரைக்காரர், கீழே படுதா கட்டிப் படுத்துக்கொள்வார். அறையின் பின்கோடியில் என் தோள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு ஐஸ் பெட்டி நின்றது.

"கரண்ட் எங்கே பாய்? ஊரைத் தாண்டினால் ஒரு கம்பிகூடக் கிடையாதே" என்றேன்.

அவர் குனிந்து பெட்டியின் அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே மண்ணெண்ணெய் தொட்டி, அதன் மேல் ஒரு திரி. தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்தார். நகம் அளவுக்கு நீலச் சுடர் எழுந்தது.

"இந்தச் சூடு பின்னால குழாய்ல ஏறும் நர்ஸம்மா. குழாய்க்குள்ள ஒரு மருந்துத் தண்ணி இருக்கு, அது கொதிக்கும். கொதிச்சு மேல போயி, ஆறி, எறங்கி வர்றப்ப பொட்டி குளுந்துரும். எப்படின்னு மட்டும் என்கிட்ட கேட்காதீங்க. ஹேடோ துறைமுகத்துல எங்க மாமா ஹபீப் முகம்மது கடையில இதே பொட்டிதான். கப்பல்காரங்களுக்குச் சோடா வைப்பாரு. பதினஞ்சு வருஷமாப் பார்க்குறேன், இன்னும் எனக்கு நம்பிக்கை வரல."

மறுநாள் காலையில் கதவைத் திறந்தேன். தகரத் தட்டின் பன்னிரண்டு குழியிலும் ஐஸ். கீழே சுடர் எரிந்துகொண்டிருக்கிறது, மேலே தண்ணீர் கல்லாகிக் கிடக்கிறது. எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன். பிள்ளை முதல் மூச்சு விடும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். அன்றைக்கு அந்தத் தட்டைப் பார்த்து அப்படிச் சிலிர்த்தது. கதவைச் சாத்தவே மனசு வரவில்லை. பாய்தான், "குளுரு போவுது, மூடுங்க" என்று அதட்டினார்.

எனக்கு அந்த ஐஸ் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். அம்மைப்பால் என்பது உயிருள்ள சரக்கு. குளிரில் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். சூடு பட்டால் செத்துப்போகும். ஆனால் செத்த பாலுக்கும் உயிருள்ள பாலுக்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. குத்தின ஏழாம் நாள் கையில் கொப்புளம் எழும்பினால் பால் எடுத்தது என்று அர்த்தம். எழும்பாவிட்டால் குத்தியது வீண்.

போன வருஷம் பாம்பூஃப்ளாட்டுக்கு அப்பால் காட்டில் ரோடு போடுகிற கூலிகளின் முகாமுக்கு, மரத்தூள் நிரப்பிய பெட்டியில் ஐஸ் வைத்து அம்மைப்பால் கொண்டுபோனேன். போகவே இரண்டு நாள் ஆயிற்று. முகாமில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர்தான் இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரே அறுபது பேர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் ஆபீசில் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம். எப்படியாவது எடுத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குத்திவிட்டேன். ஒரு கையிலும் எடுக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் முகாமுக்குள் அம்மை புகுந்தது. மேஸ்திரி ஜம்புலிங்கத்தின் ஒன்பது வயது மகன் உதயசூரியன் போய்விட்டான்.

எனக்குத் தெரிந்தேதான் குத்தினேன் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருஷமாக அதை மட்டும் இந்த வாய் வெளியே விடவில்லை. இப்போது மறுபடியும் அம்மை வரும் என்ற பயம் இருந்தது. ஐஸ் இல்லாத பால் எடுக்காது என்று எங்கேயோ கேள்விப்பட்டு, ஜம்புலிங்கம் ரோட்டு லாரிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "ஐஸைக் கண்ணால பார்த்தாத்தான் பிள்ளைங்க கையை நீட்டும். இல்லைன்னா அந்தம்மா வந்த வழியே போகட்டும்."

அந்த முகாமுக்கு நாங்கள் கிளம்ப வேண்டிய அன்று பார்த்து மெயின்லேண்ட் கப்பல் வந்து சேர்ந்தது. கப்பல் வந்த நாளில் போர்ட் பிளேரில் யாரிடமும் வேலை வாங்க முடியாது. தபால், வெங்காயம், சொந்தக்காரன் என்று ஆளாளுக்கு ஹேடோவுக்கு ஓடுவார்கள். "ஜஹாஸ் ஆயா!" என்ற சத்தம் கேட்டதும் நூருல்லா பாயும் போய்விட்டார், ஊரில் இருக்கிற மனைவி மஸூதாவின் கடிதம் வந்திருக்குமாம். ஐஸ் பெட்டிக்கு எண்ணெய் இன்னும் ஊற்றவில்லை. எனக்குப் பொறுமை இல்லை. கிடங்குக்கு நானே போனேன். முற்றத்தில் நின்ற டிரம்மில் எண்ணெய் அடிமட்டத்தில் கிடந்தது. டிரம்மைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரை வடித்து டின்னை நிரப்பிக்கொண்டு வந்தேன். ஆண்பிள்ளை இல்லாமலே காரியம் முடிந்தது என்று பெருமை வேறு.

சாத்தாம் படகுத்துறையில் லாரியைத் தட்டைப் படகில் ஏற்றிப் பாம்பூஃப்ளாட்டுக்குக் கடக்க வேண்டும். படகில் பெட்ரோல் டிரம்கள் இருந்தன. படகுக் காவலாள் எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஆக் புஜாவ்! நெருப்பை அணை! அக்கரை சேர்ற வரைக்கும் கிட்டயே கொண்டுவரக் கூடாது!"

அணைத்தோம். படகோட்டிகள் எங்கே என்று பார்த்தால், அவர்களும் கப்பலைப் பார்க்கப் போயிருந்தார்கள். மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தோம். அந்த மூன்று மணி நேரத்தில் நான் திட்டாத ஆள் இல்லை. அக்கரை போய்த் திரியைப் பற்றவைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மலை ரோடு. வண்டியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் பாய் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பெட்டியின் தலையில் வைப்பார். தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பார். "ஓடுறப்ப ஆடுனா பரவால்ல. சாஞ்சு நின்னா குளுரு நின்னுரும்" என்பார். எனக்கு அது பூஜை மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் பன்னிரண்டாம் மைலில் சுடர் மஞ்சளாகிப் படபடத்து அணைந்தது. பாய் தொட்டியைக் கழற்றி, எண்ணெயை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே கொஞ்சம் எண்ணெய். கீழே முக்கால்வாசி தண்ணீர்.

"கப்பலுக்கு ஓடினால் இப்படித்தான்! உங்களுக்குக் கடிதம் பெரிதாகப் போய்விட்டது" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "நர்ஸம்மா, டிரம்முல அடி வரைக்கும் எடுத்தீங்களா?"

"எடுத்தேன். அதற்கென்ன?"

"மழையில நிக்கிற டிரம்மு. மூடி வழியாத் தண்ணி எறங்கி அடியில கெடக்கும். இந்த ஊர்ல ஒருத்தனும் அடி நாலு விரலை எடுக்க மாட்டான். யாரும் உங்களுக்குச் சொல்லல போல."

எனக்குக் காது மடல் எரிந்தது. தொட்டியிலும் டின்னிலுமாகத் தேறிய எண்ணெய் ஒரு டம்ளர். அதை ஊற்றித் திரியைக் காயவைத்து ஏற்றினோம். முகாம் வாசலுக்கு வந்தபோது அதுவும் தீர்ந்துவிட்டது. முகாமிலாவது எண்ணெய் இருக்குமா என்றால், அவர்களும் இதே கப்பலைத்தான் நம்பி இருந்தார்கள். விளக்கேற்றிப் பத்து நாளாயிற்றாம்.

உச்சிவெயில். ஜம்புலிங்கம் முன்னால் நின்றார். போன வருஷம் பார்த்ததைவிடப் பாதி ஆளாக இருந்தார். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மகள் அலமு, ஐந்து வயது. பின்னால் முகாமே நின்றது.

"ஐஸைக் காட்டுங்க" என்றார்.

திறந்தேன். தட்டு முழுக்கத் தண்ணீர். அதில் சுண்டைக்காய் அளவுக்கு ஐஸ் துண்டுகள் மிதந்தன.

"இது தண்ணிங்க" என்றார் அவர்.

இன்னும் ஐஸ் மிச்சம் இருக்கிறதே, பால் சாகவில்லை, இப்போதே குத்திவிடலாம் என்று நான் வாதாடியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது. கதவில்லாத வாய் அந்த ஒரு தடவைதான் எனக்கு உபகாரம் செய்தது.

"மேஸ்திரி, போன வருஷம் நான் பெட்டியைத் திறந்தபோதே ஐஸ் இல்லை. பால் செத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் குத்தினேன். உங்கள் பிள்ளை போனதற்கு நான்தான் காரணம்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டியின் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இதை நீங்களே பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய நீங்களே திறந்து பாருங்கள். ஐஸ் இல்லையென்றால் பால் முழுவதையும் உங்கள் கண்ணெதிரே ஓடையில் கொட்டிவிடுகிறேன்."

"எண்ணெயே இல்லாம எப்படிங்க ஐஸ் வரும்?"

நூருல்லா பாய்தான் முன்னால் வந்தார். "எண்ணெய் எதுக்கு? பொட்டிக்கு வேண்டியது சூடு. எந்தச் சூடா இருந்தா என்ன? தேங்காச் செரட்டை இருக்கா இங்க?"

"இதற்கு முன்னால் செய்திருக்கிறீர்களா பாய்?" என்று கிசுகிசுத்தேன்.

"இல்ல" என்றார் அவரும் அதே கிசுகிசுப்பில்.

பெண்கள் கூடை கூடையாகக் கொட்டாங்கச்சி கொண்டுவந்தார்கள். விறகு கூடாது, கொழுந்துவிட்டால் குழாய் தாங்காது என்றார் பாய். கொட்டாங்கச்சியை வெளியே எரித்துத் தணலாக்கி, ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னில் அள்ளி, எண்ணெய்த் தொட்டி இருந்த இடத்தில் குழாய்க்கு நேர் கீழே வைத்தார். தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தார். தணல் சாம்பல் பூத்தால் விசிறல், அதிகமானால் இடுக்கியால் இரண்டு கங்கு வெளியே. பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் இருக்கிற குளிரும் போய்விடும். உள்ளே நடப்பது ஒருவருக்கும் தெரியாது. பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். வேலைக்குப் போனவர்கள் மண்வெட்டியோடு திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர்கள், எங்கள் ஆட்கள், எல்லோரும்தான். அடியில் நெருப்பு வைத்து மேலே குளிர் வரும் என்று காத்திருப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

மூன்று மணிக்கு மேல் பாயின் கை சோர்ந்தது. அப்போது ஜம்புலிங்கம் எழுந்து வந்து விசிறியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அதைக் கொடுக்கவில்லை.

அந்தமானில் ஐந்து மணிக்கே பொழுது இறங்கிவிடும். ஜம்புலிங்கம் கைச் சாம்பலை வேட்டியில் துடைத்துவிட்டுச் சாவியைப் போட்டார். கதவு திறந்ததும் வெள்ளையாகக் குளிர் வழிந்து தணலின் சிவப்பு வெளிச்சத்தில் விழுந்தது. தட்டை வெளியே எடுத்தார். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார்.

டக்கென்று கேட்டது.

கூட்டத்தில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஜம்புலிங்கம் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. "யா அல்லா" என்று பாய் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். நாள் முழுக்க அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கீழே நெருப்பு, மேலே ஐஸ், நடுவில் ஒரு சாண் தகரம். நான் சாமி கும்பிடுவதில் அவ்வளவு சிரத்தை உள்ளவள் அல்ல. அன்றைக்குக் கை தானாகக் குவிந்தது.

மறுநாள் விடிந்ததும் ஜம்புலிங்கம் அலமுவை முதல் ஆளாகக் கொண்டுவந்து நிறுத்தி, சட்டைக்கையைத் தாமே சுருட்டிவிட்டார். என்னோடு பேசவில்லை. எழுபத்துநான்கு பேருக்குக் குத்தினேன். ஏழு நாளும் அந்தத் தணல் அணையவில்லை. புதிதாகப் பிறந்த பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல முகாம் முறை வைத்துப் பார்த்துக்கொண்டது.

ஏழாம் நாள் கைகளைப் பார்த்தேன். எழுபத்திரண்டில் எடுத்திருந்தது. மிச்சம் இரண்டு பேருக்கு மறுபடி குத்தினேன். அலமுவின் கையில் முத்து மாதிரி கொப்புளம் எழும்பியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கண் மறைத்துவிட்டது.

"உசிருள்ளதா?" என்றார் ஜம்புலிங்கம். ஏழு நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"உயிருள்ளது, மேஸ்திரி."

தலையை ஆட்டினார். பிறகு, "ஒரு துண்டு ஐஸ் குடுங்க" என்றார்.

அலமுவுக்குக் கேட்கிறார் என்று நினைத்து இருப்பதில் பெரியதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தேக்கிலையில் பொதிந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகாமுக்குப் பின்னால் மேட்டுப் பக்கம் வேகமாக நடந்தார். உதயசூரியனைப் புதைத்த இடம் அங்கேதான் இருந்தது.

திரும்பி வந்தபோது இலை இல்லை. கை ஈரமாக இருந்தது.

"காய்ச்சல்ல அவன் சில்லுன்னு தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தான்" என்றார். "போறதுக்குள்ள பாதி கரைஞ்சிடுச்சு. பாதி வச்சிட்டு வந்தேன்."

தட்டில் ஒரு குழி காலியாக இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். ஜம்புலிங்கம் குனிந்து உட்கார்ந்து தணலை விசிற ஆரம்பித்தார்.