ஆஃப் என்று காட்டும் கைப்பிடி

எங்கள் வேலை சுவிட்சுகளைக் கெடுப்பது. கம்பெனிக்காரர்கள் பளிச்சென்று புதுச் சுவிட்சைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சூடேற்றுவோம், குளிர வைப்போம், தூசியில் போட்டுப் புரட்டுவோம், அளவுக்கு மீறி மின்சாரத்தை ஏற்றுவோம். அத்தனைக்கும் தாக்குப்பிடித்தால்தான் பாதுகாப்புச் சான்று. மாமியார்கூட மருமகளை இப்படிச் சோதிக்க மாட்டாள் என்று என் கணவர் கேலி செய்வார். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சந்தேகராணி. அவர் சலவைத்தூள் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். பழுது பார்ப்பவர் அவர், பழுதாக்குகிறவள் நான். இந்தப் பொருத்தத்தை யார் பார்த்தார்களோ தெரியவில்லை.

சோதனைகளில் எனக்கு மிகவும் பயமான ஒன்று உண்டு. பெரிய இயந்திரங்களுக்குப் பக்கத்தில் திருகுப்பிடி வைத்த சுவிட்ச் ஒன்று இருக்கும். இயந்திரத்துக்குள் இறங்குகிறவர் அதை ஆஃப் பக்கம் திருப்பி, கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்குவார். உயிர் அந்தக் கைப்பிடியை நம்பித்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் செம்புத் தகடுகள் சூட்டில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. ஒட்டிக்கொண்டால் மின்சாரம் நிற்காது. அப்போது கைப்பிடி ஆஃப் பக்கம் வரவே கூடாது. முரண்டு பிடிக்க வேண்டும், வேண்டுமானால் உடைந்துகூடப் போகலாம். ஆஃப் என்று பொய் மட்டும் சொல்லக் கூடாது.

அதனால் தகடுகளை நாங்களே பற்றவைத்து ஒட்டிவிட்டு, வழக்கமான விசையைப் போல் மூன்று மடங்கு விசையில் கைப்பிடியைத் திருப்பிப் பார்ப்போம். போன வாரம் ஒரு புதுக் கம்பெனியின் சுவிட்ச் இதில் தோற்றது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் இணைப்பு மளுக்கென்று முறிந்தது. கைப்பிடி வெண்ணெயில் கத்தி போலச் சுழன்று ஆஃபில் வந்து நின்றது. பூட்டும் ஒழுங்காக மாட்டியது. உள்ளே மூன்று தகடுகளும் ஒட்டியபடியே இருந்தன.

தோற்ற சுவிட்சின் கைப்பிடியை அன்று மாலையே சுத்தியலால் உடைத்துவிடுவது எங்கள் ஆய்வகத்து வழக்கம். சோதித்தவர்தான் உடைக்க வேண்டும். அதை மட்டும் உடைக்க விடவில்லை. கம்பெனியின் ஆள் நேரில் வந்து பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்ததால் அப்படியே வைக்கச் சொன்னார் எங்கள் மேலாளர். மூடியைத் திரும்பப் பொருத்தி, சிவப்புச் சீட்டு ஒட்டிய பெட்டியில் வைத்தேன். பக்கத்திலேயே பச்சைச் சீட்டு ஒட்டிய பெட்டியில், சூடு, தூசிச் சோதனைகளில் தேறிய அதே கம்பெனியின் இன்னொரு சுவிட்ச் இருந்தது. சுவிட்சின் உடம்பில் எதையும் ஒட்டக் கூடாது, பெட்டியில்தான் ஒட்டவேண்டும் என்பது இங்கே விதி.

அந்தக் கம்பெனி ஆள் இன்று காலை வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, வெடுக்கென்ற பேச்சு.

"யாரும்மா மூணு மடங்கு பலத்தோட திருப்பப் போறாங்க? வேணும்னே உடைச்சா எதுதான் உடையாது?" என்றார்.

"மாட்டிக்கிச்சுன்னா மனுஷன் ரெண்டு கையாலயும் திருப்புவான் சார். அவசரத்துல பலம் பாக்க மாட்டான்," என்றேன். சிவப்புச் சீட்டுப் பெட்டியைத் திறந்து சுவிட்சை அவர் முன்னால் வைத்துக் கைப்பிடியைத் திருப்பினேன்.

டக் என்று சத்தம் கேட்டது. கைப்பிடி கனமாக இருந்தது.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஆஃபில் மின்சாரம் போகவில்லை. இது நல்ல சுவிட்ச். தோற்றது இது இல்லை.

மேலாளரைக் கூப்பிட்டேன். தங்கமான மனிதர், ஆனால் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார். பெட்டியைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், பிறகு தலையைச் சொறிந்தார்.

"அன்னைக்கு நம்மளப் பாக்க வந்தவங்களுக்கு ரெண்டையும் வெளிய எடுத்துக் காட்டுனேம்மா. திருப்பி வைக்கிறப்போ..."

"மாத்தி வச்சிட்டீங்களா? அப்போ பச்சைச் சீட்டுப் பெட்டி எங்க சார்?"

அவர் முகம் சுண்டிப்போனது. "அதத்தான்மா உங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தேன். உங்களக் கூப்பிட வந்தப்போ, ஃபேக்டரில சுவிட்ச் போயிடுச்சு, புதுசு வர நாளாகும்னு சொன்னாரு. பாஸ் ஆனதுதானே, எடுத்துட்டுப் போங்க தம்பின்னு..."

எனக்கு நினைவு வந்தது. "உங்க சார் ஒரு சுவிட்ச் குடுத்தாரு, நல்ல மனுஷன்," என்று அன்று பைக்கில் போகும்போது சொன்னார். மறுநாளே கலவை இயந்திரத்துக்கு மாட்டிவிட்டதாகவும் சொன்னார். அது பழைய இயந்திரம். பெரிய தொட்டி, நடுவே சுழலும் இரும்புத் தகடுகள். மூடியைக் கழற்றிவிட்டால் வேறு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அந்தச் சுவிட்ச் ஒன்றுதான் காவல். நிறுத்துவதும் ஓட்டுவதும் வேறு பட்டனில் நடப்பதால், சுவிட்ச் செத்துக் கிடப்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்று அங்கே தொட்டிக்குள் ஒட்டிப்போன தூளைச் சுரண்டும் நாள்; ஆள் குறைவு என்பதால் அவரும் இறங்குவார். காலையில் சுரண்டியைத் தேடி வீட்டையே தலைகீழாக்கிவிட்டுத்தான் கிளம்பினார். பூட்டு மட்டும் போட்டால் போதாது, பட்டனையும் அமுக்கிப் பாருங்கள் என்றேன். "எனக்கே பாடம் எடுக்காத," என்று எரிந்து விழுந்தார். நானும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

அவருடைய கைப்பேசிக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே இறங்கும்போது அதை அலமாரியில் வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி மறுபடி அடித்தேன். பிறகு தொழிற்சாலை வாயிலுக்கு அடித்தேன். காவலாளி எடுத்தார்.

"அவரா? தொட்டிக்குள்ள இருக்காரும்மா. பூட்டெல்லாம் போட்டுத்தான் இறங்கியிருக்காரு. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க."

பூட்டுப் போட்டிருக்கிறார், பயப்படாதே. இதைவிடப் பயமான வார்த்தையை என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை.

"அண்ணே, அவர உடனே வெளிய வரச் சொல்லுங்க. அந்த சுவிட்ச் சரியில்ல. உயிருக்கு ஆபத்து!"

"கேட்ட விட்டுட்டு நான் எப்படிம்மா போறது? யாராவது வந்தா சொல்லி அனுப்புறேன்."

நான் அழுதேனா கத்தினேனா தெரியாது. கம்பெனி ஆள் கார் சாவியோடு எழுந்து நின்றிருந்தார். "வாங்க," என்றார்.

தொழிற்சாலை தூரமில்லை, ஆனால் வழியில் இருந்த ஒவ்வொரு லாரியும் எங்களுக்கு முன்னால்தான் ஊர்ந்தது. என் மூளை ஒரே இடத்தில் செக்குமாடாகச் சுற்றியது. பட்டனை அமுக்கிப் பார்த்திருந்தால் இயந்திரம் ஓடியிருக்கும். ஓடியிருந்தால் அவர் இறங்கியிருக்க மாட்டார். இறங்கிவிட்டாரே! அப்படியானால் அமுக்கிப் பார்க்கவில்லையா? கோபத்தில் மறந்துவிட்டாரா? நான்தான் அந்தக் கோபத்தைக் கிளப்பினேனா? கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தொழிற்சாலை வாயிலில் கார் நின்றதும் இறங்கி ஓடினேன். காவலாளி எதையோ சொல்லிக்கொண்டு பின்னால் வந்தார். நான் நிற்கவில்லை. கலவைக்கூடத்தில் தரை முழுக்கச் சலவைத்தூள். கால் வழுக்கியது, மூக்கு எரிந்தது. அந்தப் பக்கம் பொட்டலம் போடும் இயந்திரங்கள் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தன. தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் அந்தச் சுவிட்ச் இருந்தது. ஆஃப். அதில் என் கணவரின் பூட்டு, நான் கட்டிவிட்ட மஞ்சள் கயிற்றோடு.

தொட்டிக்குள்ளிருந்து பாட்டு கேட்டது. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. வீட்டில் குளிக்கும்போது பாடுவாரே, அதே பாட்டு. இரும்புத் தொட்டிக்குள் அது குடைந்து குடைந்து ஒலித்தது.

தொட்டியில் ஓங்கி அடித்தேன். "என்னங்க! வெளிய வாங்க! உடனே வாங்க!"

பாட்டு நின்றது. "நீயா? இங்க என்ன பண்ற?"

"வெளிய வாங்கன்னு சொல்றேன்ல!"

"சண்டைய வீட்ல வச்சுக்கலாம்டி. ஆளுங்க பாக்குறாங்க. இன்னும் கொஞ்சம்தான், சுரண்டிட்டு வரேன்."

"சுவிட்ச் பொய்யிங்க! ஆஃப் ஆகல!"

"பூட்டுப் போட்டிருக்கேன். பட்டனையும் அமுக்கிப் பாத்துட்டேன், ஓடல. போதுமா சந்தேகராணி?"

அமுக்கிப் பார்த்தாராம், ஓடவில்லையாம். ஒரு கணம் உயிர் திரும்பி வந்தது. உடனே அடுத்த எண்ணம் வந்தது. மின்சாரம் இருக்கும்போது ஏன் ஓடவில்லை?

குனிந்து தொட்டிக்கு அடியில் பார்த்தேன். மறுபக்கம் பட்டன் பலகை இருக்கும் இடத்தில் இரண்டு கால்கள் தெரிந்தன. பளபளாவின் கால்கள். இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவர். எதையும் அழுக்காக விடமாட்டார், அதனால் அந்தப் பெயர். சுரண்டும் நாளில் பூட்டுப் போட்ட பிறகு பட்டன் ஒவ்வொன்றையும் துணியால் துடைப்பார் என்று என் கணவர் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். இயந்திரத்தை நிறுத்த அவர் எப்போதும் அமுக்குவது அவசரத்துக்கு என்று வைத்திருக்கும் சிவப்புக் குமிழைத்தான். அது அமுங்கி இருக்கும்வரை எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஓடாது. என் கணவர் அமுக்கியபோது ஓடாததற்குக் காரணம் சுவிட்ச் இல்லை, அந்தக் குமிழ். அதைச் சுற்றித் துடைப்பதற்காகப் பளபளா எப்படியும் அதைத் திருகி வெளியே இழுத்துவிடுவார். பூட்டுத்தான் இருக்கிறதே என்ற தைரியம் அவருக்கு.

சுற்றிக்கொண்டு ஓடினேன். ஒரு முறை விழுந்தேன். முழங்கால் கிழிந்ததைப் பிறகுதான் பார்த்தேன். "அண்ணே! தொடாதீங்க!" என்று கத்தினேன். பொட்டல இயந்திரங்களின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. காதில் பஞ்சு வைத்திருந்த பளபளா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சிவப்புக் குமிழ் வெளியே வந்திருந்தது. மினுமினுவென்று துடைத்திருந்தார். துணியை மடித்து, சுத்தமான பக்கத்தை வெளியே வைத்து, பச்சைப் பட்டனுக்குக் கொண்டுபோனார்.

என் உடம்பு மொத்தத்தையும் அந்தக் குமிழ்மேல் போட்டேன்.

பளபளா துள்ளி விலகினார். அவருடைய கட்டைவிரல் துணியோடு பச்சைப் பட்டனை அமுக்கியிருந்தது. ஒன்றும் ஓடவில்லை. குமிழ் என் உள்ளங்கைக்குக் கீழே அமுங்கிக் கிடந்தது. கையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் கணவர் தொட்டியிலிருந்து இறங்கி, தலைமுதல் கால்வரை வெள்ளையாக, கையில் சுரண்டியோடு வந்தார். "என்னடி ஆச்சு உனக்கு?" என்றவர் என் முழங்காலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். பின்னால் கம்பெனி ஆள் வந்து நின்றார். அவருடைய சட்டை முழுக்க வேர்வை.

நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. தொட்டிக்குள் யாரும் இல்லை என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். குமிழைத் திருகி வெளியே இழுத்தேன். பச்சைப் பட்டனை அமுக்கினேன்.

தொட்டி உறுமியது. தகடுகள் சுழன்று, உள்ளே அவர் உட்கார்ந்திருந்த பலகையைத் தூக்கி அடித்தன. அது சில்லுச் சில்லாக வெளியே தெறித்தது. சுவரில் கைப்பிடி ஆஃபில் நின்றது. பூட்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி என் கணவரின் கழுத்தில்.

சிவப்புக் குமிழை அமுக்கி நிறுத்தினேன். பளபளா தரையில் உட்கார்ந்து துணியால் முகத்தை மூடிக்கொண்டார். என் கணவர் பூட்டைத் திறக்கப் போனார். இரண்டு முறை முயன்றும் சாவி துளைக்குள் போகவில்லை. நான் வாங்கித் திறந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கம்பெனி ஆள் சுவரோரம் போய்க் கைப்பிடியைத் தானே திருப்பிப் பார்த்தார். ஆஃப், ஆன், ஆஃப். இரண்டு விரல் போதுமாக இருந்தது.

"நாங்க வேணும்னு ஒட்டவச்சதுதான் சார்," என்றேன். "ஆனா அதுவா ஒட்டிக்கிட்டாலும் உங்க கைப்பிடி இதையேதான் சொல்லும்."

அவர் தலையாட்டினார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"சர்டிஃபிகேட் எப்படியும் வந்துடும்னு நம்பி, போன மாசமே ஒரு லாரி நிறைய இதே சுவிட்ச அனுப்பிட்டோம்மா."

என் தோளில் இருந்த கை இறுகியது. "மாட்டிட்டாங்களா?" என்று கேட்டார் என் கணவர்.

"மாட்டியிருப்பாங்க."

"போன் பண்ணுங்க சார்," என்றேன். "இப்பவே. ஒவ்வொருத்தருக்கா. நாங்க இங்கயே நிக்கிறோம்."

கைப்பேசியை எடுத்தார். எண்ணைத் தப்பாக அழுத்தி அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார். சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். நாங்கள் நெருங்கி நின்று கேட்டோம். அந்தப் பக்கம் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.