திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்

1

ஒளிப்பானேன், இந்தக் கதையை நான் வேடிக்கை பார்த்துத்தான் எழுதுகிறேன். நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் தெருவில் யாரும் வரவேற்பறைக்குத் திரை போடுவதில்லை. விளக்கைப் போட்டு உட்கார்ந்தால் உங்கள் சோபா, சாப்பாடு, சண்டை எல்லாம் தெருவுக்கும் சேர்த்துத்தான். நின்று பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் நடந்துகொண்டே பார்க்கிறோம். நாய் வளர்ப்பவர்களுக்கு இதில் கூடுதல் சௌகரியம்.

பத்திரிகையில் என்னிடம் கேட்டது கதையே அல்ல, இலையுதிர்காலத்துக்கு வரவேற்பறையை நாமே புதுப்பிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை. நானும் நல்ல பிள்ளையாகத் தொடங்கினேன்.

[முதலில் ஜன்னல் விளிம்பில் இரண்டு பரங்கிக்காய்களை வையுங்கள். சிலந்தி வராமலிருக்கச் செஸ்ட்நட் கொட்டைகளைப் பரப்புங்கள். பழைய மேசையை உப்புத்தாளால் தேய்த்து, பிறகு]

இந்த இடத்தில் நிமிர்ந்தேன். எதிர்வீட்டு அறையைக் காணோம். அது இருந்த இடத்தில் பரங்கிப்பழ நிறத்தில் ஒரு வெல்வெட் திரை தொங்கியது. கட்டுரை அத்தோடு போயிற்று.

2

எதிர்வீட்டில் இருப்பவன் ஹெசல். ஐம்பதைத் தொடப்போகிறவன், தனி ஆள். படகுகளுக்காகக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குவது வேலை. பகலெல்லாம் பாலத்தருகே கண்ணாடிக் கூண்டில் இருப்பான். கூண்டை விட்டு வந்தால் வீட்டிலும் கண்ணாடி. பாவம், அவன்

(அடித்துவிட்டேன். பாவமெல்லாம் இல்லை. கூண்டில் பைனாகுலர் வைத்திருக்கிறான். யார் வீட்டில் சோபா மாறியது, யார் வீட்டு மீன்தொட்டி காலியானது, எல்லாம் அவன் வாயிலிருந்துதான் கிளம்பும். தெரு எப்படிப் பேசும் என்பது அவனுக்கு அத்துப்படி. அதனால்தான் பயந்தான்.)

பயத்துக்குக் காரணம் ஃபென்னா. மணல் படகைத் தனியாக ஓட்டி வருகிறவள். பாலம் தூக்குவதற்கான காசை வாங்க ஹெசல் தூண்டில் கோலில் ஒரு மரச்செருப்பைக் கட்டிப் படகின் மேல் இறக்குவான். அவள் காசைப் போடுவாள், இவன் இழுத்துக்கொள்வான். கோடை முழுக்க அவ்வளவுதான் பழக்கம். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் செருப்பு இறங்கும்போதே அதில் ஒரு சீட்டு இருந்தது: சனிக்கிழமை சாப்பிட வர முடியுமா?

"என்ன சமைப்பீங்க?" என்று கீழேயிருந்து கத்தினாள்.

"நீங்களே சொல்லுங்க!"

"கருகாம எது செஞ்சாலும் சரி!"

எஞ்சின் சத்தத்தில் கரையில் யாருக்கும் கேட்கவில்லை.*

* எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கதை எழுதுகிறவர்கள் கொஞ்சம் இட்டு நிரப்புவோம். கண்டுகொள்ளாதீர்கள்.

ஹெசல் அன்றே மேசையைத் தேய்த்தான், சுவருக்கு வண்ணம் அடித்தான். ஆனால் அவனுடைய ஆசை ஒன்றே ஒன்று. அந்தச் சாயங்காலம் மட்டும் ஊர் பார்க்கக்கூடாது. பழைய சாமான் கடையில் வெல்வெட் வாங்கி, பக்கத்து வீட்டு ரின்ஸ்கெயிடம் தையல் மெஷின் இரவல் கேட்டு, தானே தைத்தான். ஒரு பக்கம் ஏறிப்போய்விட்டது.

3

புதன்கிழமை மாலை இழுத்து மூடிப் பார்த்தான். எங்கள் ஊரில் ஜன்னலை மூடி மறைத்தால் அந்த வீட்டில் சாவு, இல்லாவிட்டால் சீக்கு என்று அர்த்தம். ஒரு முட்டை வேகும் நேரம்கூட ஆகவில்லை, மணி அடித்தது. ஒரு பானை பட்டாணி சூப்போடு ரின்ஸ்கெ.

"ஏம்ப்பா, யாரு போயிட்டா?"

"யாரும் போகலீங்க."

"அப்போ உனக்குத்தான் உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன் ரின்ஸ்கெ. குளிருதேன்னு போட்டேன்."

"குளிருனா ஸ்வெட்டர் போடு. குஷன் உறை தைக்கணும்னுதானே என் மெஷினை வாங்கிட்டுப் போன? இது எந்த ஊரு குஷன்?"

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, "டாக்டரைக் கூப்பிடவா?" என்று இன்னொரு குரல்.

ஹெசலுக்குக் காது சிவந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் சனிக்கிழமை தெருவே நாயோடு கிளம்பும். சொல்லாவிட்டால் சூப் வந்துகொண்டே இருக்கும். உள்ளே போனான், திரையைத் திறந்து வைத்தான். எல்லோரும் நிம்மதியாகக் கலைந்தார்கள்.

4

இனி எப்படிக் கொண்டுபோவது? ஒரு வழி, ஹெசலே தெருவைக் கூட்டி விஷயத்தைச் சொல்லிவிடுவது. அவன் அப்படிச் செய்யும் ஆள் இல்லை. இன்னொரு வழி, ஃபென்னா வராமல் போவது. இலக்கியத்துக்கு அதுதான் எடுப்பு என்பார்கள். எழுதியும் பார்த்தேன். அவன் மசித்து வைத்த உருளைக்கிழங்கு ஆறிப்போவதை என்னால் பார்க்க முடியவில்லை, கிழித்துப் போட்டேன்.

ஆகவே ஃபென்னா வருகிறாள்.

5

சைக்கிளில் வந்தாள். திரை திறந்தே கிடந்தது. ரின்ஸ்கெ முதலில் நாயோடு போனாள், பிறகு நாய் இல்லாமலே போனாள். நான் என் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹெசல் கரண்டியைப் பிடித்தபடி விறைத்துப் போயிருந்தான். இன்றைக்கும் வாய் திறக்காவிட்டால் இனி அவள் செருப்பில் காசை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று அவனுக்கே தெரியும். தெரிந்ததால் இன்னும் விறைத்தான். பேச்சு கண்ணாடிக்கு வெளியே கேட்காது, அதனால் நான்தான் கொடுக்கிறேன்.

"ஏன் பல் புடுங்க வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"எல்லாரும் பாக்குறாங்க."

"இந்தத் திரை யாரு தச்சது?"

"நான்தான். கோணலாப் போச்சு."

"கோணல் கிடக்கட்டும். தச்சு வெச்சுட்டு ஏன் தொறந்து போட்டிருக்கீங்க?"

"மூடினா சூப் வந்துடும்."

அவள் சிரித்தாள். இது இட்டு நிரப்பியது அல்ல, கண்ணால் பார்த்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். அவளும் இந்தப் பக்கத்துக்காரிதான். மூடினால் ஞாயிறு விடிவதற்குள் கால்வாய்க்கரை முழுக்க அவள் பேர்தான் என்று தெரியாதவள் இல்லை. ரின்ஸ்கெயைப் பார்த்துக் கையசைத்தாள். இருட்டில் இருந்த என்னைப் பார்த்தும் அசைத்தாள். பிறகு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துத் திரையை மூடினாள்.

6

அடுத்து என் வீட்டு மணி அடித்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் ரின்ஸ்கெ வந்து உட்கார்ந்தாள்.

"உள்ள என்ன நடக்குது?"

"தெரியல."

"தெரியலையா? நீதானே எழுதற?"

வாஸ்தவம். ஒரே வாக்கியத்தில் என்னால் வெல்வெட்டைத் தாண்டி உள்ளே போய்விட முடியும். போகவும் பார்த்தேன்.

[ஹெசல் மெல்ல அவள் கையை]

இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மனிதன் ஒரே ஒரு சாயங்காலம் யார் கண்ணிலும் படாமல் சந்தோஷமாக இருக்க ஆசைப்பட்டான். அதையும் நான் எழுதி வைத்தால், அவள் மூடியதை நான் திறந்ததாக ஆகும்.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நல்லதாகவே வையுங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள். ரின்ஸ்கெ இன்னும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.