உடம்போடு தைத்த கவுன்

கொடி தைக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கொடிக்கு உடம்பு கிடையாது. தோள், இடுப்பு, கழுத்து என்ற தொல்லையெல்லாம் சட்டை தைக்கிறவர்களோடு போயிற்று. நீளம் இத்தனை, அகலம் இத்தனை என்று சார்ட்டில் இருக்கும். வெட்டு, ஓரம் மடி, தை, முடிந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கொடிக் கம்பெனியில் வேலை பார்த்து, அதில் பதினோரு வருஷம் சூப்பர்வைசராகவும் குப்பை கொட்டிவிட்ட அக்காவுக்கு, கவுன் தைத்துத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தபோது இந்தச் சின்ன விஷயம் உறைக்கவில்லை.

கேட்டவன் தம்பி. பன்னிரண்டு வயது இளையவன். அம்மா பாதி நாள் படுக்கையில் கிடந்ததால் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் இவள்தான். இப்போது அவன் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, கார் இடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஃபாரம் எடுத்துக் கொடுக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பெண் வேடம் போட்டு மேடை ஏறுவான். டிராக் என்று சொல்கிறார்கள். மேடையில் அவனுக்குப் பெயர் சீமாட்டி.

நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு சேதியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். "எனக்குப் பொண்ணு பாக்காதக்கா. எனக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்கும். அப்புறம், சனிக்கிழமை பொம்பள வேஷம் போட்டு ஆடறேன்."

முதல் சேதியை அக்கா எப்படியோ விழுங்கிவிட்டாள். இரண்டாவதுதான் தொண்டையிலேயே நின்றது. ஏன் என்று அவளிடம் கேட்டால் ஆயிரம் சப்பைக்கட்டு கட்டுவாள். உண்மை இவ்வளவுதான்: முதலாவது வெளியே தெரியாது, இரண்டாவது தெரியும். நாலு பேர் பார்ப்பார்கள். அந்த நாலு பேரில் கொடிக் கம்பெனிக்காரர்கள் இருந்துவிட்டால் நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்களை வேலை வாங்குவது? இந்தப் பயம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது. ராத்தூக்கம் கெடுகிற பயம்.

தம்பியைப் போன்றவர்கள் வருஷா வருஷம் ஊரறிய நடத்தும் வானவில் ஊர்வலத்தில் இந்த வருஷம் சீமாட்டி முன்வரிசை. முதல் தடவையாக, பட்டப்பகலில், மேடையை விட்டு ரோட்டுக்கு. அதற்கு ஒரு கவுன் வேண்டும், கொடித் துணியிலேயே வேண்டும், அவர்களுடைய வானவில் கொடியின் ஆறு நிறமும் பட்டை பட்டையாக இறங்கி, பின்னால் பன்னிரண்டு அடிக்கு வால் மாதிரி தரையில் புரள வேண்டும். கொடித் துணி வழுக்கும், ஊசிக்கு அடங்காது. மூன்று டெய்லர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"அதுக்காக மட்டும் கேக்கலக்கா," என்றான் தம்பி. "நீ தைச்சதப் போட்டுக்கிட்டு நடக்கணும்னு ஆசையா இருக்கு."

"தைச்சுத் தர்றேன். ஆனா எனக்குப் போட்டுக் காட்டாத. பாக்கவும் வரமாட்டேன்."

"சரிக்கா," என்றான் உடனே. கொஞ்சம் கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தவளுக்கு அந்த 'சரி' என்னவோ போலிருந்தது.

"அளவெடுக்க எப்ப வரட்டும்?"

"உன் அளவு எனக்குத் தெரியாதா? அதெல்லாம் வேணாம்."

இஸ்திரிக்காக அவன் விட்டுப்போன ஆபீஸ் சட்டையும் பேன்ட்டும் அவள் வீட்டில் கிடந்தன. அவற்றை மேஜையில் விரித்து, டேப்பை ஓட்டி, எண்களைக் காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். தம்பியை நிற்கவைத்து, மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டு, இடுப்பு இன்னும் இறங்கலாமா என்று கேட்கிற சங்கடத்திலிருந்து தப்பித்தாயிற்று. பத்து நாள் தைத்தாள். தையல் என்றால் தையல், ஒரு பிசிறு இருக்காது. தைத்து முடித்து, பழைய சேலை ஒன்றில் சுற்றி அனுப்பிவைத்தாள்.

அதே ஊர்வலத்துக்கு எழுபது கொடி தைக்கும் ஆர்டர் அவள் கம்பெனிக்கும் வந்திருந்தது. தையல் ஹாலில் இரண்டு நாள் அதே பேச்சு. சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் கிண்டல் செய்தார்கள், பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளாமல் தைத்தார்கள். துணி வெட்டுகிற கட்டர், முப்பது வருஷ சர்வீஸ், வாய் மட்டும் கத்தரியை விடக் கூர்மை. "எல்லாக் கலரும் எடுத்துக்கிட்டாங்க. இனிமே யாராவது புதுசா கட்சி ஆரம்பிச்சா கொடிக்கு எங்க போவாங்க பாவம்," என்றார்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. அவர்கள் தைத்த கொடி அந்தத் தெரு வழியாகப் போனால் மெஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். கொடி பார்க்கிறது என்று பெயர். மரியாதைக்கு என்று நினைக்க வேண்டாம். எந்தக் கொடியில் ஓரம் சுருங்குகிறது, எது காற்றில் விறைத்து நிற்கிறது என்று குற்றம் கண்டுபிடிக்க. கட்டர்தான் தலைமை நீதிபதி. ஊர்வலம் சனிக்கிழமை பதினொன்றரை மணி வாக்கில் கம்பெனி வாசலைத் தாண்டும் என்று தெரிந்ததுமே அக்கா லீவு எழுதிக் கொடுத்தாள்.

"கொடி பாக்கற அன்னிக்கே லீவா?" என்றார் கட்டர்.

"தலைவலி."

"சனிக்கிழமை வரப்போற தலைவலி செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டு வருதா? நல்ல மரியாதை தெரிஞ்ச தலைவலி."

அவள் பிடி கொடுக்காமல் நகர்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு ஃபோன். பேசியது சீமாட்டிக்கு முகம் எழுதுகிற மேக்கப்காரர். "அக்காங்களா? கவுன் மூடல. சீமாட்டி அழுவேனா மாட்டேனான்னு நிக்கறா. அழுதா ஒன்றரை மணி நேர வேலை எனக்குப் போச்சு. ஊசி நூலோட வாங்க."

பார்க்க வரமாட்டேன் என்று சொன்னவள் தையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈரக்கையோடு ஆட்டோவில் ஏறினாள். தையலில் குறை என்றால் அவளுக்கு மானம் போகிற விஷயம். அந்தக் காரணத்தை ஆட்டோ நிற்கும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது மாடியில் ஒரு நடனப் பள்ளியின் அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி. நடுவில் ஆறடி உயரத்தில் ஒருத்தி நின்றிருந்தாள். வளைந்த புருவம், செங்கல் நிற உதடு, தலையில் இரண்டு மாடிக்குக் கொண்டை. அக்கா தம்பியைத் தேடினாள். அந்த ஒருத்தி வலது கால் கட்டைவிரலால் இடது காலைச் சுரண்டிக்கொண்டு நிற்பதைக் கண்டபிறகுதான் மூச்சு வந்தது. திட்டு வாங்கப் போகிறோம் என்று தெரிந்தால் மூன்று வயதிலிருந்தே அவன் அப்படித்தான் நிற்பான்.

முதுகில் கவுன் ஒரு சாண் திறந்து கிடந்தது.

"அளவு யாருங்க எடுத்தது?" மேக்கப்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"நான்தான். அவன் பேன்ட்டு சட்டையிலேர்ந்து."

"பேன்ட்டு சட்டையா? பேட் எல்லாம் வச்சுல்ல அளவெடுக்கணும்! சீமாட்டிக்கு இடுப்பு இருக்கு, மார் இருக்கு. எல்லாம் மெத்தை ஸ்பாஞ்ச், நானே வெட்டினது. அது உள்ள போகணும்ல."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸ்காரனுக்குத் தைத்து வைத்திருக்கிறாள். சீமாட்டிக்குத் தைக்கவே இல்லை.

"நீ ஏண்டா சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீதான் வேணாம்னுட்ட," என்றான் தம்பி. குரல் மட்டும் அவனுடையது. "விடுக்கா. பேட எடுத்துட்டா ஏறிரும். ஆனா அப்ப அது சீமாட்டி இல்ல, ஏதோ ஒருத்தன் கவுன மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். அதுக்குப் பேன்ட் சட்டையிலயே கொடிய பிடிச்சுக்கிட்டுப் பின்னால நடந்துக்கறேன். அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் ஊசிமெத்தையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள்.

"திரும்பு," என்றாள்.

ஜிப்பைப் பிரித்து எறிந்தாள். வாலின் நுனியில் மூன்று அடியை வெட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் தைத்து முடித்த கொடித் துணியில் அவள் கத்தரி வைத்ததே இல்லை. பட்டையை முதுகுத் திறப்பில் வைத்து, பல்லில் குண்டூசி கடித்துக்கொண்டு, கையாலேயே தைக்க ஆரம்பித்தாள். மெஷின் இல்லை, நேரமும் இல்லை. ஒவ்வொரு தையலுக்கும் இடது கை விரலை உள்ளே விட்டு அவன் தோலில் ஊசி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்பாஞ்சுக்கு மேலே முதுகு சூடாக இருந்தது. இந்த முதுகில் சோப்பு போட்டுத் தேய்த்து இருபத்தைந்து வருஷம் இருக்கும்.

"கூசுதுக்கா."

"ஆடாத. குத்திரும்."

பத்தே முக்காலுக்கு நூலைக் கடித்து அறுத்தாள். "கேட்டுக்கோ. ஜிப் கிடையாது, கொக்கி கிடையாது. உடம்போட வச்சுத் தைச்சாச்சு. வெட்டித்தான் வெளிய வரணும். பாத்ரூம் கீத்ரூம்னு எதுவும் கேக்காத. யாராவது வால மிதிச்சா முதுகு முழுக்கப் பிளந்துரும்."

"வால நான் பிடிச்சுக்கறேன்," என்றார் மேக்கப்காரர்.

"உங்களுக்கு எந்த இடம் தாங்கும், எந்த இடம் விடும்னு தெரியாது. நான்தான் பிடிக்கணும்," என்று சொல்லிவிட்டுத்தான், தான் சொன்னது என்ன என்பது அவளுக்கே விளங்கியது. அதற்குள் கீழே மேளச் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

இப்படியாக, பார்க்கவே மாட்டேன் என்றவள், வீட்டுச் சேலையோடு, கழுத்தில் டேப்பும் மணிக்கட்டில் ஊசிமெத்தையுமாக, ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தாள். சீமாட்டி ஒரு கையில் கொடியை உயர்த்திப் பிடித்திருந்தாள். பின்னால் எழுபது கொடி. பால்கனிகளிலிருந்து சிலர் கைதட்டினார்கள். ஒரு பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் அசிங்கமாக எதையோ கத்தினார்கள். அக்கா தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு முதுகுத் தையல் மட்டும்தான் உலகம். இடது பக்கம் கீழே நாலாவது தையல் கொஞ்சம் இழுத்தது. வாலை அரை முழம் தளர்த்திக் கொடுத்தாள்.

மார்க்கெட்டைத் தாண்டியதும் தம்பி திரும்பாமலே பேசினான்.

"அக்கா, அடுத்த திருப்பத்துல உங்க கம்பெனி. அதுக்கு முன்னால வலது பக்கம் ஒரு சந்து வரும். வால மேக்கப்காரர்கிட்ட குடுத்துட்டு அதுல போயிரு. சுத்திக்கிட்டு தபால் ஆபீஸ் பக்கம் வந்து சேந்துக்கோ. அஞ்சு நிமிஷம்தான். நான் மெதுவா நடக்கறேன். ஒண்ணும் கிழியாது."

"உனக்கெப்படித் தெரியும் அந்தச் சந்து?"

"உன் வீட்டுக்கு வர்றப்போல்லாம் அங்கதான் நின்னு நகப்பாலிஷ அழிப்பேன்."

 நாலு வருஷமாக மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வருகிறான். நகம் எப்போதும் சுத்தமாக இருக்கும். ஆபீஸ்காரன் நகம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அக்கா வீட்டுப் பக்கம் கால் வைப்பதற்கு முன்னால் ஒரு சந்தில் ஒதுங்கி நின்று, பஞ்சை நனைத்து, பத்து விரலையும் துடைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். ஒரு நாளும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. கோபம் முழுக்கத் தன்மேல்.

சந்து வந்தது. மேக்கப்காரர் கையை நீட்டினார்.

"நேரா நட," என்றாள் அக்கா, தம்பியிடம்.

கம்பெனி வாசலில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். மெஷின் சத்தம் இல்லை. கட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை முன்வரிசைக்கு இறங்கியது. கவுனைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், வாலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். நாற்பது பேரும் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி "நம்ம சூப்பர்வைசர்" என்று மெதுவாகச் சொன்னது நன்றாகவே கேட்டது.

கட்டருக்கு வாய் சும்மா இருக்குமா? ஆனால் கேட்டது அவருக்குத் தெரிந்த கேள்வி.

"முதுகுல தையல் கோணலா போகுதே. யார் தைச்சது?"

"நான்தான்."

"நீங்களா? இப்படியா?"

அவள் நின்றாள். அவள் நின்றதால் சீமாட்டியும் நிற்க வேண்டியதாயிற்று. பின்னால் மேளமும் எழுபது கொடியும் நின்றன.

"இவன் என் கூடப்பிறந்த தம்பி," என்றாள் அக்கா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஹாலில் வேலை சொல்கிற குரலில்தான் சொன்னாள். "தொட்டு அளவெடுக்கக் கூச்சப்பட்டேன். அதான் கோணல். தப்பு என்மேல."

 கட்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, சீமாட்டியை மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை, இந்தத் தடவை ஆளாகப் பார்த்தார்.

சீமாட்டியின் தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன. முதுகில் நாலாவது தையல் பட்டென்று விட்டது.

"அழாதடா, எல்லாம் பிரிஞ்சுரும்," என்று சொல்லிவிட்டு, விட்டுப்போன இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்கா நடந்தாள்.